குறியெதிர்ப்பையும் விதைநெல்லும்: திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் 2006 முதல் நடத்தப்பட்டுவரும் மரபு நெல் திருவிழா, பெரும்பாலும் அறுவடை விழாக்களின் வரிசையிலோ மரபு மீட்பு முயற்சிகளின் வரிசையிலோ வைத்துப் பேசப்படுகிறது. இவ்விரு வரிசைகளும் அவ்விழாவின் மையத்தை விட்டு விலகிச் செல்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. விழாவின் மையம் இரண்டு கிலோ விதை பெற்றவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்னும் விதியே. சங்க இலக்கியமும் திருக்குறளும் வழங்கும் ‘குறியெதிர்ப்பை’ என்னும் கருத்தாக்கத்தின் துணையோடு இவ்விதி இங்கே விளக்கப்படுகிறது. அடுத்து, முக்கூடற்பள்ளின் நெல்வகைப் பட்டியலோடு விழாவின் காட்சிப் பட்டியல் ஒப்பிடப்படுகிறது. நெல்லின் பெயர்களை மீட்ட இவ்விழா, அந்நெல்லை விளைவித்த நிலமற்ற உழைப்பாளரின் இடத்தை இன்னும் மீட்கவில்லை என்னும் முடிவைக் கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: நெல் திருவிழா, விதைநெல், குறியெதிர்ப்பை, பள்ளு, கூலிநெல், திருத்துறைப்பூண்டி

1. முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் வேளாண் விழாக்கள் குறித்த கட்டுரைகள் குறைவில்லாமல் வெளிவருகின்றன. பொங்கல், புதிர் எடுத்தல், பொன்னேர் பூட்டுதல், ஆடிப்பெருக்கு, முளைப்பாரி ஆகியவை நாட்டார் வழக்காற்றியல் நோக்கில் பலமுறை ஆராயப்பட்டுள்ளன. இவற்றோடு ஒப்பிட, அண்மைக்காலத்தில் தோன்றிய விழாக்கள்மீது ஆய்வாளர் கவனம் அவ்வளவாகப் படியவில்லை. தோற்றுவித்தவரின் பெயரும் தொடங்கிய ஆண்டும் தெரிந்த ஒரு விழாவை வழக்காறாகக் கொள்ளலாமா என்னும் தயக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால், ஒரு சமூகம் தனக்குத் தேவையான விழாவைத் தன் கண்முன்னே உருவாக்கிக்கொள்ளும்போது, அத்தேவை யாது என்பதை வினவும் அரிய வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. அவ்வாய்ப்பைத் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா தருகிறது.

இவ்விழாவைத் தொடங்கியவர் ‘நெல்’ ஜெயராமன். திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேடு அவரது ஊர். ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கத்தின் தமிழக ஒருங்கிணைப்பாளராகவும், இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வழிவந்தவராகவும் இயங்கிய அவர், 2006இல் ஆதிரெங்கம் கிராமத்தில் முதல் விழாவை நடத்தினார். மரபு நெல்வகைகளின் கண்காட்சி, உழவர் கருத்தரங்கு, மரபு உணவு, விதை வழங்கல் ஆகியன அதன் கூறுகளாக அமைந்தன. அவரது வாழ்நாளில் மீட்கப்பட்ட வகைகள் நூற்றறுபதுக்கும் மேற்பட்டவை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இவ்வட்டாரத்தைத் தாக்கியது. மூன்று வாரம் கழிவதற்குள், டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவருக்குப் பின்னும் விழா தொடர்கிறது. தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் (2021) மரபு நெல்வகைகளைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்று அவர் பெயரால் அறிவிக்கப்பட்டது.

ஒரு தனிமனிதரின் முயற்சி அரசுத் திட்டமாகவும் பாடநூற் செய்தியாகவும் மாறிய இந்நிலையில், பாராட்டு மிகுதியாகவும் மதிப்பீடு குறைவாகவும் உள்ளன. இக்கட்டுரை புலத்தரவுகளைத் தொகுத்துத் தரும் நோக்கமுடையதன்று. பொதுவெளியில் அறியப்பட்ட விழா அமைப்பைத் தமிழ் இலக்கிய மரபின் சில பனுவல்களோடு பொருத்திப் பார்க்கும் திறனாய்வு முயற்சியாகவே இது அமைகிறது.

2. அறுவடை விழாவும் விதை விழாவும்

நெல் திருவிழா ‘அறுவடைத் திருவிழா’ என்றே சில இடங்களில் சுட்டப்படுகிறது. விழா நடைபெறும் காலத்தைக் கருதினால் இவ்வழக்குப் பொருந்தாமை புலப்படும். காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை மாதத்தையொட்டி நிகழ்கிறது. பொங்கல் அவ்வறுவடையின் விழா. நெல் திருவிழாவோ பெரும்பாலும் மே மாத இறுதியையொட்டி, வயல்கள் வெடித்துக் கிடக்கும் கோடையில் நடத்தப்படுகிறது. மேட்டூர் அணை திறப்பதற்கு மரபாகக் கொள்ளப்படும் நாள் ஜூன் 12. அதற்குச் சற்று முன்னர், அறுவடைக்கு நெடுந்தொலைவிலும் விதைப்புக்கு மிக அண்மையிலும் இவ்விழா நிற்கிறது.

இக்கால வேறுபாடு நெல்லின் நிலையையும் மாற்றிவிடுகிறது. பொங்கலில் நெல் அரிசியாகி, அரிசி சோறாகி, சோறு படையலாகி உண்ணப்படுகிறது. உண்பதில் நிறைவு பெறும் விழா அது. நெல் திருவிழாவில் பெட்டிகளிலும் பைகளிலும் வைக்கப்படும் நெல் உண்ணப்படாத நெல். உண்ணக் கூடாத நெல். விருந்து அங்கும் உண்டு எனினும், விழாவின் பெயருக்குரிய பொருள் விருந்தில் சேர்வதில்லை. முன்னது முடிந்த விளைவுக்கு நன்றி கூறுவது. பின்னது இனி நிகழவேண்டிய விளைவுக்கு உறுதி பெறுவது.

விதைநெல்லை உண்ணும் நிலையைத் தமிழ் இலக்கியம் இருவகையாகக் காட்டியுள்ளது. பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார், மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியாருக்கு அமுது படைப்பதற்காக, பகலில் தாம் விதைத்திருந்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வருகிறார். விதையை உணவாக்குவது அங்கே பக்தியின் உச்சம். இழந்ததை ஈடுசெய்ய இறைவன் இருக்கிறான். புறநானூற்றின் 333ஆம் பாடலில் அத்தகைய ஈடு இல்லை. வந்தவர்க்கு உணவளிக்க வேண்டிய மனைக்கிழத்தி, அளவு குறித்துக் கடனாகப் பெறுவதற்கு எங்கும் வழியின்றி, விதைக்கென உலர்த்தி வைத்திருந்த தினைக்கதிரை உரலில் இடுகிறாள். விருந்தோம்பலின் மேன்மையைச் சொல்லும் பாடலாகவே இது வாசிக்கப்பட்டு வந்துள்ளது. எனினும் அதில் ஒரு காரணகாரியத் தொடர்பும் உள்ளது. அண்டை அயலாரிடம் அளவுக்கு அளவு பெறும் ஏற்பாடு முறிந்தபோதே விதை உரலுக்குள் செல்கிறது. விதையைக் காத்தது தனிமனிதக் கட்டுப்பாடு மட்டுமன்று, கொடுத்துப் பெறும் ஒரு சமூக ஏற்பாடு என்பதை அப்பாடல் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. நெல் திருவிழாவை விளங்கிக்கொள்ள இதுவே தொடக்கம்.

3. இரண்டு கிலோவும் நான்கு கிலோவும்

மேற்கண்ட ஏற்பாட்டின் பெயர் குறியெதிர்ப்பை. எவ்வளவு பெறப்பட்டதோ அவ்வளவையே அளவு குறித்துத் திருப்பித் தருதல் என்பது இதன் பொருள். பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற பரிசிலை யார் யாருக்கெல்லாம் கொடுக்கவேண்டும் எனத் தம் மனைவிக்குச் சொல்லும் பாடலிலும் (புறநானூறு 163) குறியெதிர்ப்பை தந்து உதவியோர் இடம்பெறுகின்றனர். திருக்குறள் இச்சொல்லை ஈகை அதிகாரத்தின் முதற்குறளில் (221) வேறொரு நோக்கில் ஆள்கிறது. இல்லாதவர்க்குத் தருவதே ஈகை. ஏனையவை குறியெதிர்ப்பையின் தன்மையுடையவை என்பது அதன் கருத்து. ஈகையை உயர்த்துவதற்காக வள்ளுவர் குறியெதிர்ப்பையைத் தாழ்த்தி நிறுத்துகிறார். அறநூலுக்கு அது பொருந்தும். ஆனால் விதையைப் பொறுத்தவரை ஈகையைவிடக் குறியெதிர்ப்பையே உயிர்ப்புடைய ஏற்பாடு. இலவசமாகப் பெற்ற விதையை விதைத்தே ஆகவேண்டும் என்னும் கடப்பாடு பெற்றவருக்கு இல்லை. திருப்பித் தரவேண்டிய விதையை விதைக்காமல் இருக்க முடியாது.

நெல் திருவிழாவின் விதி எளிமையானது. உழவருக்கு மரபு நெல்விதை இரண்டு கிலோ வழங்கப்படும். மறு ஆண்டு விழாவில் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். மேலோட்டமாக நோக்கின் இது நூற்றுக்கு நூறு வட்டி. கிராமப்புறத்துத் தானியக் கடன்களின் கொடுமையை நினைவூட்டக்கூடியது. இவ்வையத்தைத் தீர்க்க வேளாண்மைக் கணக்கு துணைசெய்கிறது. வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு இருபத்தைந்து முதல் முப்பது கிலோ விதை தேவைப்படும். ஒற்றை நாற்று நடவில் இரண்டு முதல் மூன்று கிலோ போதுமானது. எனவே இரண்டு கிலோ என்பது அடையாளத்துக்கு வழங்கப்படும் பிடி விதையன்று. கவனமாக நட்டால் ஏறத்தாழ ஓர் ஏக்கரை நெருங்கும் விதை. அதிலிருந்து கிடைக்கும் நூற்றுக்கணக்கான கிலோ விளைச்சலில் நான்கு கிலோ ஒரு சிறு பங்கே. அளவு இங்கே சுமையாவதில்லை.

சுமை வேறிடத்தில் உள்ளது. திருப்பித் தரப்படுவது ஏதோ நான்கு கிலோ நெல்லன்று, பெற்ற அதே வகை நெல்லாக இருத்தல் வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையுடைய பயிராதலின் வயலில் இனக்கலப்பு நேர்வது குறைவு. ஆனால் நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் சாக்கிலும் பிறவகை நெல் கலந்துவிடும். கலவன்களைக் கதிர்ப் பருவத்தில் கண்டறிந்து நீக்கவும், தனியே அறுத்து, தனியே அடித்து, தனியே உலர்த்தி வைக்கவும் வேண்டும். விதி உழவரிடம் கேட்பது இவ்வுழைப்பையும் இக்கவனத்தையுமே. சந்தையில் வாங்கிய நெல்லைக் கொண்டோ பணத்தைக் கொண்டோ இக்கடனைத் தீர்ப்பது அதன் நோக்கத்துக்கு மாறானது.

இருமடங்கு என்னும் கூறும் விளக்கத்துக்குரியது. பண்டைய குறியெதிர்ப்பை அளவுக்கு அளவானது. இருவருக்கிடையே தொடங்கி அவ்விருவருக்கிடையே முடிவது. இங்கே கூடுதலாக வரும் இரண்டு கிலோ கொடுத்தவரின் களஞ்சியத்தில் தங்குவதில்லை. முன்பின் அறியாத மற்றோர் உழவருக்குச் செல்கிறது. ஒருவர் திருப்பித் தந்தது அடுத்த ஆண்டு இருவருக்கு விதையாகிறது. இருவர் உறவாக இருந்த குறியெதிர்ப்பையைப் பலர் உறவாக விரித்ததே இவ்விழாவின் புதுமை எனலாம். கடனைத் தீர்ப்பதும் புதிய கடனைத் தொடங்குவதும் ஒரே இடத்தில், ஒரே நாளில் நிகழ்வதால் ‘திருவிழா’ என்னும் சொல் இங்கே அலங்காரமாக நிற்கவில்லை. ஆண்டுக்கொரு முறை கூடவேண்டிய தேவையை அக்கடனே உருவாக்குகிறது.

இதன் வரலாற்றுப் பின்னணியையும் கருதவேண்டும். 1960களின் தொடக்கத்தில் இந்தியாவில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூர் ஒன்று. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய வகைகள் அப்பதிற்றாண்டில் பரவின. உரத்தைத் தாங்கிச் சாயாமல் நிற்கும் குட்டை வகைகளும் குறுகிய காலத்தில் முற்றும் வகைகளும் விளைச்சலை உயர்த்தின. பஞ்ச அச்சம் நிலவிய காலத்தில் அதன் பயனை மறுப்பது நேர்மையாகாது. ஆயின் அம்மாற்றத்தில் விதை வரும் திசை மாறியது. அண்டை வயலிலிருந்து வந்த விதை விரிவாக்க மையத்திலிருந்தும் கடையிலிருந்தும் வரத் தொடங்கியது. விதையை வைத்துக்கொள்ளவும் விதைக்கவும் பரிமாறவும் உழவருக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டாலும் பரிமாறிக்கொள்ள ஆளும் இடமும் பழக்கமும் இல்லையெனில் அது ஏட்டளவில் நின்றுவிடும். அவ்விடத்தை நெல் திருவிழா அமைத்துக் கொடுத்தது. காட்சிக்கு வைக்கப்பட்ட வகைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் இதுவே அதன் முதன்மைச் சாதனை.

4. பெயர்ப்பட்டியல்: பள்ளும் கண்காட்சியும்

விழாவின் மற்றொரு கூறு நெல்வகைகளின் பெயர்ப்பட்டியல். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார், குழியடிச்சான், களர்பாலை, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, சீரகச்சம்பா எனப் பெயரட்டைகள் தாங்கிய நெல் வரிசையாக வைக்கப்படுகிறது. காண்போர் பெயர்களைப் படித்தபடி நகர்கின்றனர். நெல்வகைகளின் பெயர்களை அடுக்கிச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. பள்ளு இலக்கியத்தில் அது ஓர் உறுப்பாகவே இடம்பெற்றது.

திருநெல்வேலிப் பகுதியைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு வித்துவகை, மாட்டுவகை, ஏர்க்கருவிகள் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. ஆற்றில் துள்ளும் மீன்வகைகளும் அந்நூலில் வரிசையாக வருகின்றன. நெல்வகைகளுள் சீரகச்சம்பா, மணல்வாரி, காடைக்கழுத்தன் முதலியன காணப்படுகின்றன. சீரகச்சம்பா இரு பட்டியல்களுக்கும் பொதுவானது. ஆனால் பட்டியல் சொல்லப்படும் சூழல் இரண்டிலும் வெவ்வேறு. பள்ளில் இப்பெயர்களைச் சொல்பவன் பள்ளன், கேட்பவன் பண்ணைக்காரன். வேளாண்மையைப் புறக்கணித்தான் என்று குற்றஞ்சாட்டப்பட்டுத் தொழுவில் மாட்டப்படும் பள்ளனுக்கு, பண்ணையின் வித்தும் மாடும் கருவியும் எவ்வளவு, எங்கே என்று சொல்லவேண்டிய கடமை உள்ளது. ஆகவே அப்பட்டியல் வளத்தின் வருணனை மட்டுமன்று. உடைமையில்லாத ஒருவன் உடைமையாளனின் ஆளிடம் ஒப்புவிக்கும் கணக்கு. விளைந்தபின் நெல் எங்கெங்கே அளக்கப்பட்டது, தனக்குரிய பங்கு என்னவாயிற்று என்னும் மூத்த பள்ளியின் முறையீடும் நூலில் இடம்பெறுகிறது. பெயர், உழைப்பு, தண்டனை, பங்கு என்னும் நான்கும் ஒரே கதைப்பின்னலில் அமைந்துள்ளன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பள்ளு உழைப்பாளரின் சொந்தக் குரலன்று. புலவர்கள் அவர்கள்மீது ஏற்றிச் சொன்ன குரல் அது. நகைச்சுவைக்காக அவர்களை இழித்துக் காட்டும் இடங்கள் அதில் பல. எனவே பள்ளை உழைப்பாளர் வரலாற்றின் நேரடி ஆவணமாகக் கொள்வது பிழையாகும். அவ்வாறிருந்தும், நெல்வகைகளின் பெயர்களை உழைப்பவனின் வாயிலிருந்து அல்லாமல் வேறு எங்கிருந்தும் வரவைக்க அவ்விலக்கிய வடிவத்தால் இயலவில்லை என்பது கருதத்தக்கது. அப்பெயர்களை அறிந்தவன் யார் என்பதை இழிவுபடுத்திய பனுவலும் மறைக்கவில்லை.

கண்காட்சிப் பட்டியலில் சொல்பவன் இல்லை. பெயரட்டையில் வகையின் பெயர், வயது, பயன் ஆகியன எழுதப்படுகின்றன. பயன் என்பது மிகுதியும் உண்பவர் நோக்கில் அமைகிறது. பூங்கார் மகளிருக்கு ஏற்றது, மாப்பிள்ளைச் சம்பா உடலுக்கு வலுவூட்டுவது, காட்டுயானம் நீரிழிவுக்கு உகந்தது என்றவாறு சொல்லப்படுகிறது. இம்மருத்துவக் கூற்றுகளின் உண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவை பெயர்களுக்குச் செய்வது யாது என்பதே இங்கு வினா. களர்பாலை என்னும் பெயர் களர் நிலத்தைச் சுட்டுகிறது. காட்டுயானம், யானையும் மறையுமளவு உயர்ந்து வளர்வதாகச் சொல்லப்படும் பயிரைச் சுட்டுகிறது. குழியடிச்சான் உவர்ப்பைத் தாங்குவதாகக் கடலோர உழவர் மதிக்கும் நெல். இவை வயலில் நின்று பயிரைப் பார்த்தவர்கள் இட்ட பெயர்கள். நிலத்தின் குணத்துக்கும் நீரின் போக்குக்கும் விடையாக அமைந்தவை. இவற்றுக்கு உடல்நலப் பயனை மட்டும் உரையாக எழுதும்போது பெயரின் பொருள் வயலிலிருந்து தட்டுக்கு இடம்பெயர்கிறது. நெல்லை அறிந்தவர் என்னும் தகுதியும் விளைவித்தவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறுகிறது. விதை விழாவாகத் தொடங்கிய ஒன்று அரிசிச் சந்தையாக முடியும் வாய்ப்பு இவ்விடத்தில்தான் உள்ளது.

5. நிலமற்றவர் நிற்கும் இடம்

குறியெதிர்ப்பை விதியின் எல்லையும் இங்கே வெளிப்படுகிறது. இரண்டு கிலோ விதையைப் பெற்று நான்காகத் திருப்பித் தருவதற்கு நிலம் வேண்டும். சொந்தமாகவோ குத்தகையாகவோ ஒரு துண்டு வயலாவது வேண்டும். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்து, தூற்றிய கைகளுக்கு அவ்வயல் இல்லையெனில், கடன் பெறும் தகுதியும் இல்லை. விழாவின் கொடுக்கல் வாங்கல் உழவர் என்போரை நிலத்தைக் கொண்டு வரையறுக்கிறது. இது யாருடைய தீய நோக்கத்தாலும் நேர்ந்ததன்று. விதியின் அமைப்பிலேயே உள்ளது.

பிற வட்டாரங்களில் இவ்வினா இத்துணைக் கூர்மை பெறாது போகலாம். திருத்துறைப்பூண்டியில் இதைத் தவிர்க்க இயலாது. கீழத்தஞ்சையின் பண்ணையாள் இயக்கம் 1940களில் வேர்கொண்ட நிலம் இது. சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் 1961இல் மறைந்தார். அவரது நினைவிடம் திருத்துறைப்பூண்டியிலேயே உள்ளது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னணியில் கூலியாக அளக்கப்படும் நெல்லின் அளவு குறித்த போராட்டம் இருந்தது. மறு ஆண்டு நியாயக்கூலிச் சட்டம் வந்தது. ஆடுதுறை வகைகளும் ஐ.ஆர். 8உம் பரவிய அதே ஆண்டுகள் இவை. விதை மாறிய வரலாறும் கூலிக்காக உயிர் பறிபோன வரலாறும் ஒரே பதிற்றாண்டில், ஒரே மண்ணில் நிகழ்ந்துள்ளன. இவ்விரண்டையும் வெவ்வேறு ஆய்வுத்துறைகள் வெவ்வேறு நூல்களில் எழுதிவருகின்றன.

புனைகதை இவ்விரண்டையும் முற்றிலும் பிரித்துப் பார்க்கவில்லை. வெண்மணி நிகழ்வைப் பின்புலமாகக் கொண்ட நாவல்களுள் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ பரவலாக அறியப்பட்டது. அதே நிகழ்வை எழுதிய, அம்மண்ணையே சேர்ந்த சோலை சுந்தரபெருமாள் தம் நாவலுக்கு இட்ட பெயர் ‘செந்நெல்’. மருதநிலத்து வளத்தைக் குறிக்கச் செய்யுள் மரபில் காலங்காலமாக ஆளப்பட்ட சொல், இத்தலைப்பில் வளத்தின் விலையைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. நெல்லின் பெயரை உச்சரிக்கும்போது யாரை நினைக்கவேண்டும் என்னும் வினாவை அத்தலைப்பு எழுப்புகிறது. கண்காட்சியின் பெயரட்டை அவ்வினாவை எழுப்புவதில்லை.

மரபு நெல்லின் இயல்பே இவ்வினாவை மேலும் நெருக்கமாக்குகிறது. உயர்ந்து வளரும் நெட்டைப் பயிர்கள் காற்றிலும் மழையிலும் சாய்ந்துவிடக் கூடியவை. சாய்ந்த பயிரை எந்திரத்தால் அறுப்பது கடினம், கையறுவடை தேவைப்படும். ஒற்றை நாற்று நடவும் கலவன் நீக்கலும் கூர்ந்த கண்ணும் பழகிய கையும் உடையோரையே நம்பியுள்ளன. இப்பணிகளுள் நாற்றுநடவும் களையெடுப்பும் இப்பகுதியில் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. எனவே விழா முன்வைக்கும் வேளாண்மை, உழைப்பாளரின் தேவையைக் குறைப்பதன்று, கூட்டுவது. அவ்வுழைப்புக்குரிய கூலியும் அறிவுக்குரிய மதிப்பும் பேசப்படாமல் மரபு நெல்லின் நிலைபேறு பற்றிப் பேசுவது அரைப்பேச்சாகவே முடியும். முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளி கேட்ட பங்குக் கேள்வி இன்னும் விடைபெறவில்லை.

6. ஒரு மறுப்பும் விடையும்

நிலவுடைமையையும் கூலியையும் சீர்செய்வது ஒரு விதை விழாவின் பணியா என்று மறுத்துரைக்கலாம். மறைந்துகொண்டிருந்த வகைகளை மீட்பதே அவசரத் தேவையாக இருந்தபோது, குறைந்த பொருள்வசதியோடு தொடங்கிய முயற்சி ஒன்றின்மேல் ஒரு நூற்றாண்டின் சுமையை ஏற்றுவது முறையன்று எனலாம். இம்மறுப்பில் நியாயம் உண்டு. விதை அழிந்தால் மீளாது. அதைக் காத்தவர்களுக்குத் தமிழகம் கடமைப்பட்டுள்ளது.

ஆயினும் இங்கே எழுப்பப்படுவது விழா நிலத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்னும் கோரிக்கையன்று. விழா எதைப் பதிவுசெய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே வினா. வகையின் பெயரோடு வயதும் பயனும் எழுத இடமிருக்கும் அட்டையில், அது எவ்வகை நிலத்தில் நின்றது, எத்தனை களை கண்டது, அறுத்துக் கட்டியோர் அதைக் குறித்து என்ன சொல்கின்றனர் என எழுதவும் இடமுண்டு. நிலமுடைய உழவருக்குக் கிடைக்கும் மேடை, கலவனைக் கண்ணால் பிரித்தறியும் நடவுப் பெண்ணுக்கும் கிடைக்கலாம். விதையைத் தேடி ஊர் ஊராகச் சென்று கேட்டறிந்ததே இவ்விழாவின் தோற்றுவாய். அக்கேள்வியை வரப்பின் மறுபக்கத்தில் நிற்போரிடமும் கேட்பது அதன் தொடக்க நெறிக்கு முரணாகாது.

அரசுத் திட்டமாகும் கட்டத்தில் இது மேலும் முதன்மை பெறுகிறது. திட்டங்கள் எண்ணத்தக்கவற்றையே எண்ணும்: வகைகளின் எண்ணிக்கை, விதையின் எடை, பரப்பளவு. மானியமாக வழங்கப்படும் விதை ஈகையாகலாம், குறியெதிர்ப்பையாவதில்லை. திருப்பித் தரும் கடப்பாடு நீங்கினால் ஆண்டுக்கொரு முறை கூடும் தேவையும் நீங்கும். விழா நிகழ்ச்சியாக மட்டும் எஞ்சும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா அறுவடையைக் கொண்டாடும் விழாவன்று. விதைப்புக்கு முன் கூடிக் கடன்படும் விழா. அதன் உயிர்நிலை காட்சியில் இல்லை, இரண்டை நான்காக்கும் விதியில் உள்ளது. புறநானூற்றுக் காலத்தில் இருவருக்கிடையே வழங்கிய குறியெதிர்ப்பை, இங்கே முன்பின் அறியாதோரையும் இணைக்கும் ஏற்பாடாக விரிந்துள்ளது. அவ்விதி நிலமுடையோரை மட்டுமே உறுப்பினராக ஏற்கிறது. பெயர்ப்பட்டியலோ பெயரிட்டவர்களைக் குறிப்பிடாமலேயே முடிகிறது. பள்ளு இலக்கியம் இழிவுபடுத்தியேனும் உழைப்பவனைப் பேசவைத்தது. கண்காட்சி மதிப்போடு அவனை விட்டுவிட்டது.

இனிவரும் ஆய்வுகள் இவ்விழாவில் எத்தனை வகைகள் மீண்டன என்று எண்ணுவதோடு நில்லாமல், ஓராண்டில் பெற்ற விதையை மறு ஆண்டு திருப்பித் தந்தோர் யாவர், தராதோர் ஏன் தரவில்லை, விதை பெறும் வரிசையில் நிற்கவே இயலாதோர் யாவர் என்னும் மூன்று வினாக்களோடு புலத்துக்குச் செல்லவேண்டும். மூன்றாம் வினாவுக்கு விடை தேடுவோர் விழாப் பந்தலுக்குள் மட்டும் நின்றால் போதாது. நடவு நடக்கும் வயலுக்கும் கூலி அளக்கப்படும் இடத்துக்கும் அவர்கள் செல்லவேண்டியிருக்கும்.